உயிர்க் காலேஜ் தந்த மருத்துவர்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

குளிரில் நடுங்குகிறது என்று எண்ணி மயிலுக்குத் தன் போர்வையைக் கொடுத்த பேகனை நாம் பள்ளிப் பருவத்திலேயே படித்துவிட்டோம். படரக் கொம்பின்றித் தவித்த முல்லைக்குத் தேரை நிறுத்திவிட்டு நடந்துபோன பாரியையும் அறிவோம். இவ்விரு கதைகளிலும் நாம் அதிகம் கவனிக்காத ஒன்று உண்டு. மயில் கேட்கவில்லை, முல்லையும் கேட்கவில்லை. புலவனுக்கு நாவிருந்தது, பாணனுக்கு யாழிருந்தது. அவர்கள் அரண்மனை வாயிலில் நின்று கேட்டார்கள், பெற்றார்கள். வாயில்லாத உயிர்களுக்காக வள்ளலின் வாசலில் நின்று கேட்பவர் யார்? எல்லா மன்னர்களும் பேகனாக இருந்திருந்தால் இக்கேள்விக்கே இடமில்லை. அப்படி இல்லாததால் யாரோ ஒருவர் போய்க் கேட்கத்தான் வேண்டியிருக்கிறது. கொடுத்தவர் பெயர் பாட்டில் ஏறுகிறது. கேட்டவர் பெயர் பெரும்பாலும் நிற்பதில்லை.

அப்படிக் கேட்ட ஒரு மனிதரைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன். அவர் டாக்டர் எட்வர்ட் கிரீன் பால்ஃபர். இந்தியாவைப் பற்றிய மாபெரும் கலைக்களஞ்சியத்தைத் தொகுத்தவர் என்று வரலாற்று மாணவர்கள் அவரை அறிவார்கள். விலங்கியல் மாணவர்களாகிய நமக்கு அவர் வேறொரு வகையில் உறவினர். இன்று வண்டலூரில் இருக்கும் உயிரியல் பூங்காவின் முதல் விதையை 1855-ஆம் ஆண்டு சென்னை எழும்பூரில் ஊன்றியவர் அவரே. அந்த விதையை அவர் விலைகொடுத்து வாங்கவில்லை. ஒரு நவாபிடம் கேட்டு வாங்கினார்.

ஸ்காட்லாந்து நாட்டின் கிழக்குக் கடற்கரையில் மான்ட்ரோஸ் என்றோர் ஊர். அங்கே 1813 செப்டம்பர் 6-ஆம் நாள் பால்ஃபர் பிறந்தார். தந்தை கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் பணியில் இருந்தவர். தாயுடன் பிறந்தவர் ஜோசப் ஹியூம். ஆங்கில நாடாளுமன்றத்தில் அரசாங்கச் செலவின் ஒவ்வொரு காசுக்கும் கணக்குக் கேட்டுப் பெயர் பெற்றவர் அந்த மாமன். அவருடைய மகன்தான் 1885-இல் காங்கிரசைத் தோற்றுவித்தவர்களுள் முதல்வரான ஆலன் ஆக்டேவியன் ஹியூம். அரசியல் தெரிந்தவர்களுக்கு அவர் காங்கிரஸ் ஹியூம். எங்கள் துறையில் அவர் பறவை ஹியூம். அதே 1885-இல் அவர் தாம் சேர்த்த எண்பதாயிரத்துக்கு மேற்பட்ட பறவைத் தோல்களையும் முட்டைகளையும் லண்டன் அருங்காட்சியகத்துக்கு அன்பளிப்பாக அனுப்பிவிட்டார். மாமன் மகன் இறந்த பறவைகளைச் சீமைக்குக் கொடுத்தார். அத்தை மகனோ அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே உயிருள்ள விலங்குகளைச் சென்னை மக்களுக்காகக் கேட்டு வாங்கினார். குடும்பத்துக்கே இந்த வழக்கம் உண்டு போலும்.

எடின்பரோ நகரில் அறுவை மருத்துவம் படித்த பால்ஃபர், 1834-இல் இந்தியாவுக்குக் கப்பலேறினார். வழியில் கப்பல் மொரீஷியஸ் தீவில் நின்றது. கரும்புத் தோட்டத்துக்காகக் காட்டை மொட்டையடித்துக்கொண்டிருந்த காலம் அது. நம் தமிழ் மக்கள் உள்ளிட்ட இந்தியக் கூலிகளை அத்தீவுக்கு ஒப்பந்தத்தில் கொண்டுசெல்லத் தொடங்கியதும் அதே 1834-இல்தான். டோடோ என்னும் பறக்காத பறவை அடியோடு அழிந்துபோன தீவும் அதுவே. இருபத்தொரு வயது மருத்துவர் அங்கே கண்டது, மரம் போனபின் மண் எப்படி இருக்கும் என்பதை. அக்காட்சி அவர் நெஞ்சைவிட்டு நீங்கவில்லை.

1836 முதல் அவர் சென்னைப் பட்டாளத்தில் உதவி மருத்துவர். ஆண்டுக்கணக்கில் இந்தியச் சிப்பாய்களோடும் ஐரோப்பியச் சிப்பாய்களோடும் தென்னாட்டிலும் தக்காணத்திலும் சுற்றினார். இந்துஸ்தானியும் பாரசீகமும் நன்றாகப் பேசுவார். நோயாளியின் நாடியைப் பார்த்ததோடு நில்லாமல் அவன் எந்த ஊர், அவ்வூரில் மழை எவ்வளவு, எந்தக் காற்றில் எந்த நோய் என்று குறித்துவைக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. காலரா நோய் பற்றிய புள்ளிவிவரங்களை 1849-இல் நூலாக்கினார். மரங்கள் மழைக்கும் மண்ணின் ஈரத்துக்கும் எவ்வாறு துணைசெய்கின்றன என்பதுபற்றி 1840-இலேயே எழுதினார். 1849-இல் சென்னையின் அறிவியல் இதழொன்றில் மீண்டும் விரித்து எழுதினார். மரம் அழிந்தால் ஊற்று வற்றும், ஊற்று வற்றினால் பஞ்சம் வரும், பஞ்சம் வந்தால் நோய் வரும் என்பது அவர் கண்ட சங்கிலி. மரம் மழையை இழுத்துவருமா என்பதில் இன்றைய அறிவியல் இவ்வளவு எளிதாகத் தீர்ப்புச் சொல்லாது. ஆனால் மண்ணின் ஈரத்தைக் காப்பதிலும் வெள்ளத்தை மட்டுப்படுத்துவதிலும் மரத்தின் பங்கை யாரும் மறுக்கமாட்டார்கள். வைகை மணலாகக் கிடக்கும் மாதங்களையும், கண்மாயின் பிளந்த களிமண்ணையும் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1856-இல் சென்னை மாகாணத்தில் காடுகளைக் காக்கத் தனித்துறை ஏற்பட்டபோது அதற்குத் தலைமையேற்ற கிளெகார்ன் என்பவரும் எடின்பரோவில் படித்த ஒரு மருத்துவரே. காட்டைக் காக்கும் வேலையை இந்நாட்டில் தொடங்கியவர்களுள் பலர் மருத்துவர்களாக இருந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

இனி நவாபுக்கு வருவோம். ஆற்காட்டு நவாபு என்றால் மதுரைக்காரர்களுக்கு முதலில் நினைவு வருவது கான்சாகிபு மருதநாயகம்தான். 1764-இல் நவாபு முகம்மது அலியின் ஆணையால் அவர் மதுரையில் தூக்கிலிடப்பட்டார்; சம்மட்டிபுரத்தில் அவருடைய அடக்கத்தலம் இன்றும் இருக்கிறது. அந்த முகம்மது அலிதான் சென்னையில் சேப்பாக்கம் அரண்மனையைக் கட்டியவர். மதுரைச் சீமைக்கெல்லாம் வரி விதித்த அந்தப் பரம்பரை, 1801-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் ஆட்சியைக் கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டு, வருவாயில் ஐந்தில் ஒரு பங்கைப் பெற்றுக்கொண்டு பெயரளவில் வாழத் தொடங்கியது. அவ்வரிசையில் கடைசி நவாபு குலாம் முகம்மது கௌஸ்கான். 1825-இல் பட்டத்துக்கு வந்தபோது அவர் கைக்குழந்தை. வளர்ந்தபின் ஆளுவதற்கு நாடில்லை. கவிதை எழுதினார், ஆஜம் என்ற புனைபெயரில் பாரசீகக் கவிஞராக விளங்கினார், புலவர்களைக் கூட்டிக் கவியரங்கம் நடத்தினார். அரண்மனைக்குரிய மற்ற ஆடம்பரங்களைப்போல் விலங்குகளையும் வளர்த்தார்.

1850-ஆம் ஆண்டு வாக்கில் சேப்பாக்கத்தில் கம்பெனியின் பிரதிநிதியாகவும், நவாபு குடும்பத்தாருக்கு உதவித்தொகை வழங்கும் அதிகாரியாகவும் சிலகாலம் பொறுப்பு வகித்தவர் நம் பால்ஃபர். இருவருக்கும் நல்ல பழக்கம் ஏற்பட்டது. பாரசீகம் பேசும் வெள்ளைக்கார மருத்துவரிடம் கவிஞரான நவாபு மனம்விட்டுப் பேசியிருப்பார் என்று நாம் எண்ணிக்கொள்ளலாம். அந்தப் பழக்கத்தில் பால்ஃபர் முதலில் கேட்டது விலங்கை அன்று, நூலகத்தை. நவாபின் ஆதரவோடு 1850 அளவில் முகம்மதியப் பொதுநூலகம் சென்னையில் தோன்றியது. இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். நவாபுக்கு எதில் நாட்டமோ அதில் தொடங்கினார். நூல்மேல் பற்றுடையவரிடம் நூலகத்தைக் கேட்டார். கேட்டதற்குப் பயன் கண்ணுக்குத் தெரிந்தது. கொடுத்தவருக்கு மனம் நிறைந்தது. அதன்பிறகே அடுத்த விண்ணப்பம்.

அடுத்த விண்ணப்பத்துக்குக் காரணமாக அமைந்தது அருங்காட்சியகம். சென்னை இலக்கியச் சங்கத்தார் சேர்த்துவைத்திருந்த ஆயிரத்துச் சொச்சம் கற்களையும் தாதுப்பொருள்களையும் அரசிடம் ஒப்படைக்க முன்வந்தனர். 1851-இல் நுங்கம்பாக்கத்தில் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் காலேஜ் இருந்த கட்டடத்தின் மாடியில் அருங்காட்சியகம் தொடங்கிற்று. சம்பளம் பெரிதில்லாத அந்தக் கூடுதல் வேலையைத் தலைமேல் ஏற்றுக்கொண்டவர் பால்ஃபர். கல்லானாலும் காசானாலும் தோலானாலும் அனுப்பிவையுங்கள் என்று மாகாணமெங்கும் உள்ள அதிகாரிகளுக்கும் பொதுமக்களுக்கும் வேண்டுகோள் விடுத்தார். வந்து குவிந்த பொருள்களை வைக்க மாடி போதவில்லை. பாரம் தாங்குமா என்ற கவலையும் உண்டாயிற்று. 1854 இறுதியில் எழும்பூரில் பாந்தியன் என்ற பழைய மாளிகைக்கு அது குடிபோயிற்று. இன்றும் அங்கேதான் இருக்கிறது. மதுரையில் ரயிலேறி எழும்பூரில் இறங்குகிறவர்களுக்கு அது கூப்பிடு தூரம். பாந்தியன் சாலை என்ற பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டு நம் பாண்டியனுக்குச் சென்னையில் தெரு வைத்திருக்கிறார்கள் என்று மகிழ்ந்துபோன மதுரைக்காரர்கள் பலர். அது கிரேக்கப் பெயர்.

மக்கள் அந்த இடத்துக்குச் செத்த காலேஜ் என்று பெயர் வைத்தார்கள். காலேஜ் கட்டடத்தில் தொடங்கியதால் காலேஜ். உள்ளே இருப்பனவெல்லாம் செத்தவை ஆதலால் செத்த காலேஜ். பெயர் வைப்பதில் நம் மக்களை மிஞ்ச ஆளில்லை. பாடம்செய்த பறவையும் சாராயப் புட்டியில் மிதக்கும் பாம்பும் எத்தனை நேரம் ஒருவனை நிற்கவைக்கும்? எங்கள் துறை ஆய்வுக்கூடத்தின் கண்ணாடி அலமாரியைப் பார்க்க வேறு துறை மாணவர் எவரும் வந்ததில்லை என்பதை இங்கே வருத்தத்தோடு குறிப்பிடுகிறேன். ஆனால் அருங்காட்சியக வளாகத்தில் சிறுத்தை ஒன்றும் புலி ஒன்றும் உயிரோடு கட்டிவைக்கப்பட்டிருந்தன. வருகிற கூட்டமெல்லாம் கற்களைக் கடந்து அவற்றின் எதிரே போய் நின்றது. வேறொருவராக இருந்தால் மக்களின் அறியாமையை நொந்துகொண்டிருப்பார். பால்ஃபர் அதை ஓர் ஆய்வு முடிவைப்போல் எடுத்துக்கொண்டார். மூச்சுவிடும் உயிரைக் காண மக்கள் வருவார்கள். வந்தவர்கள் மற்றதையும் பார்ப்பார்கள். இரண்டே விலங்குகளுக்கு இவ்வளவு கூட்டம் என்றால் இருநூறு இருந்தால்?

அவர் நவாபிடம் சென்றார். ஒரு மானையோ ஒரு குரங்கையோ கேட்கவில்லை. அரண்மனை விலங்குகள் அத்தனையையும் கேட்டார். நவாபு கொடுத்தார்.

பெருங்கொடை கேட்பது எப்படி என்பது நம் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியாத கலையன்று. எங்கள் ஊர் முளைப்பாரித் திருவிழாவுக்கு வரி பிரிக்கும்போது வீட்டுக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி ஒன்று உண்டு. அதற்குத் தனி நோட்டு. நன்கொடைக்கு வேறு நோட்டு. அந்த நன்கொடை நோட்டின் முதல் பக்கத்தில் யார் பெயரையும் எழுதமாட்டார்கள். தாம்பாளத்தில் வெற்றிலைபாக்கு வைத்துக்கொண்டு நான்கு பெரியவர்கள் முதலில் போவது அரிசி மில்காரர் வீட்டுக்கு. அவரிடம் நூறு ரூபாய் கேட்பது அவரை அவமதிப்பதாகும். பந்தலையே கேட்பார்கள், அல்லது மூன்று நாள் அன்னதானத்தைக் கேட்பார்கள். முதல் பக்கத்தில் அவர் பெயர் விழுந்துவிட்டால் மற்ற பக்கங்கள் தாமே நிரம்பும். முதலில் போய்ச் சில்லறை கேட்டுவிட்டால் நோட்டு கடைசிவரை சில்லறையாகவே போகும். பால்ஃபர் எந்த முளைப்பாரியையும் கண்டிருக்கமாட்டார். ஆனால் அவர் செய்தது இதுவேதான். 1855-இல் அருங்காட்சியக வளாகத்தில் உயிர்க்காட்சிசாலை தொடங்கியது. ஓராண்டுக்குள் பாலூட்டிகளும் பறவைகளும் ஊர்வனவுமாக 300-க்கு மேற்பட்ட உயிர்கள் அங்கே இருந்தன. மக்கள் அதற்கும் பெயர் வைத்துவிட்டார்கள்: உயிர்க் காலேஜ்.

இந்த இடத்தில் ஓர் ஐயம் எழுவது இயற்கை. கம்பெனியின் தயவில் வாழ்ந்த நவாபிடம் கம்பெனி அதிகாரி ஒருவர் கேட்டால், அது வேண்டுகோளா கட்டளையா? ஒருகாலத்தில் நவாபுக்கு உதவித்தொகையை அளந்து கொடுத்த அதே கை, பிறகு விலங்குகளுக்காக நீண்டது. மறுக்கும் உரிமை இல்லாதவன் கொடுப்பதைக் கொடை என்று சொல்லலாமா என்று என் அறைத்தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. பால்ஃபரை வள்ளலார் ஆக்கி வணங்கிவிட்டுப் போக நான் விரும்பவில்லை. அவர் அன்னிய ஆட்சியின் ஊழியர். என்றாலும் இரண்டு செய்திகளை எடைபோட வேண்டும். அவர் தமக்கெனக் கேட்கவில்லை. வாங்கிய விலங்குகளைக் கவர்னர் மாளிகைக்கு ஓட்டிச்செல்லவுமில்லை. நவாபு ஒருவர் மட்டும் கண்டுகொண்டிருந்த விலங்குகளைக் கூலிக்காரனும் காய்கறிக்காரியும் வந்து பார்த்தார்கள். பாரீசில் 1793-இல் அரச விலங்குகள் மக்களின் தோட்டத்துக்கு வந்தது ஒரு புரட்சியின் விளைவாக. லண்டனில் நான்காம் வில்லியம் மன்னர் 1831-இல் தம் விலங்குகளைச் சங்கத்துக்குக் கொடுத்தார். ஆனால் அங்கே பொதுமக்களை உள்ளே விட்டது 1847-இல், அதுவும் பணமுடை வந்தபிறகு. சென்னையில் அது ஒரு மருத்துவரின் நாவன்மையால் நடந்தது.

இரண்டாவது செய்தி காலத்தைப் பற்றியது. 1855 அக்டோபர் 7-ஆம் நாள் நவாபு கௌஸ்கான் காலமானார். வயது முப்பத்தொன்றுதான். வாரிசாக மகன் இல்லையென்று காரணம் காட்டி டல்ஹவுசி ஆட்சி நவாபுப் பட்டத்தையே ஒழித்தது. அரண்மனையும் பின்னர் அரசின் கைக்குப் போயிற்று. நவாபு விட்டுச்சென்ற கடன்களை விசாரிக்க ஏற்பட்ட குழுவில் 1858 முதல் 1861 வரை பால்ஃபரே ஓர் உறுப்பினராக இருந்தார். கடன்காரர்களின் பட்டியலையும் சொத்துகளின் கணக்கையும் புரட்டியபோது, பழைய நண்பரை அவர் நினைத்திருக்கமாட்டாரா? எத்தனையோ பொருள் கைமாறிப் போயிற்று. உயிர்க் காலேஜும் நூலகமும் மட்டும் நின்றன.

விலங்கைப் பெறுவது எளிது, அதற்கு நாள்தோறும் தீனி போடுவது அரிது. கோயிலுக்கு யானை வாங்கிக் கொடுக்க ஆள் கிடைப்பார். பாகன் சம்பளத்துக்கும் தென்னமட்டைக்கும் ஆள் கிடைப்பது கடினம். இதை நம் முன்னோர் நன்றாக அறிந்திருந்தார்கள். கோயிலில் ஒரு நந்தாவிளக்கு எரிய வேண்டுமென்றால் அவர்கள் விளக்கை மட்டும் வாங்கி வைத்துவிட்டுப் போகவில்லை. சோழர் கல்வெட்டுகளில் ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகள் விடப்பட்டதைக் காண்கிறோம். அந்த ஆடுகளை ஓர் இடையர் பெற்றுக்கொண்டு நாள்தோறும் உரிய நெய்யை அளக்கவேண்டும். குட்டிகள் பெருகிக் கிழடுகளின் இடத்தை நிரப்பிக்கொண்டே போவதால் எண்ணிக்கை குறையாது. ஆகையால் அவற்றுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். முதல் அழியாமல் வட்டியில் அறம் நடக்கும் இந்த ஏற்பாட்டைத்தான் இன்று வைப்புநிதி என்கிறோம். நவாபின் கொடையில் விலங்குகள் இருந்தன, பேராடு இல்லை. அருங்காட்சியகத்தின் சிறிய பணத்தில் 300 வாய்களுக்கு எத்தனை நாள் தீனி போடமுடியும்? 1859-இல் பால்ஃபர் அருங்காட்சியகப் பொறுப்பிலிருந்து விலகினார். 1863-இல் விலங்குகள் நகராண்மையிடம் ஒப்படைக்கப்பட்டு, சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கருகே 116 ஏக்கரில் அமைந்த மக்கள் பூங்காவுக்கு மாறின. கட்டணமின்றி மக்கள் பார்த்தார்கள். கொடையாளியின் கையிலிருந்து வரிசெலுத்துவோரின் கைக்குச் சுமை மாறியது. கேட்டு வாங்கிய பொருள் நிலைத்து நிற்க இப்படி ஒரு வாய்க்கால் வெட்டப்படாவிட்டால், மூன்றாம் தலைமுறைக்கு எலும்புகளே மிஞ்சியிருக்கும்.

அவருடைய மற்றப் பணிகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியக் கலைக்களஞ்சியம் 1857-இல் முதற்பதிப்பாக வந்தது. 1871-73-இல் இரண்டாம் பதிப்பு. 1885-இல் மூன்றாம் பதிப்பு. செடி, விலங்கு, தொழில், சாதி, ஊர், மொழி என்று எதைத் தேடினாலும் அதில் ஒரு வரி அகப்படும். இந்திய மரங்களைப் பற்றித் தனி நூல் எழுதினார். பெங்களூரில் 1866-ஐ ஒட்டி ஓர் அருங்காட்சியகம் அமையக் காரணமானார். மகப்பேறு பற்றிய ஆங்கில நூலொன்றை இந்துஸ்தானியில் தாமே மொழிபெயர்த்தார்; தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் அது வெளிவரத் தம் கைப்பணத்தைச் செலவிட்டார். பிறரிடம் கேட்பவர் தம் மடியையும் அவிழ்க்கவேண்டும் அல்லவா? 1871 முதல் 1876 வரை சென்னை மாகாணத் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்தபோது பெண்களை மருத்துவக் கல்லூரியில் சேர்க்கவேண்டுமென்று அரசுக்கு எழுதினார். 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நான்கு பெண்கள் சேர்ந்தனர். இங்கிலாந்திலேயே பெண்களுக்குக் கதவு சரியாகத் திறக்காத காலம் அது.

எல்லாவற்றிலும் அவர் செய்தது ஒன்றே என்று எனக்குத் தோன்றுகிறது: இல்லாதவருக்காக இருப்பவரிடம் கேட்பது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எங்கள் வீட்டில் ஒருவரிடம் போய்க் கேட்பதென்பது உயிர்போகும் வெட்கம். என் தந்தை வாழ்நாளில் யாரிடமும் கைம்மாற்றுக் கேட்டதில்லை. கல்லூரியில் சேர்க்கும் ஆண்டில் கறவைமாட்டை விற்றாரே தவிரக் கேட்கவில்லை. திருவள்ளுவரும் இரவு என்று ஓர் அதிகாரம் வைத்துவிட்டு, அடுத்த அதிகாரத்துக்கே இரவச்சம் என்று பெயர் வைத்தார். இரண்டுக்கும் நடுவே நூலிழை இடைவெளிதான். ஆயினும் ஊர்க் கண்மாய்க்கு மடை பழுதுபார்க்க வேண்டும் என்று வீடுவீடாகப் போனவர்களுள் அதே தந்தையும் இருந்தார். அன்று அவர் தலை குனிந்திருக்கவில்லை. தனக்காகக் கேட்பதற்கும் பிறருக்காகக் கேட்பதற்கும் உள்ள வேறுபாடு எந்த நூலிலும் படிக்காமலே அவருக்குத் தெரிந்திருந்தது. அண்மையில் மேலூர் வட்டாரம் முழுவதும் அதைக் கண்டோம். 2022-இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டி உள்ளடங்கிய பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்டது. ஊர்மக்கள் திரண்டு கேட்டார்கள். 2025 ஜனவரியில் அந்த ஏலம் நீக்கப்பட்டது. அங்கே பாறை இடுக்கில் கூடுகட்டும் வல்லூறுக்கு மனு எழுதத் தெரியாது.

பால்ஃபர் 1876-இல் தாயகம் திரும்பினார். இந்துக்களும் முகமதியரும் ஐரோப்பியரும் அவருக்குப் பாராட்டிதழ் வழங்கினர். அவருடைய ஓவியம் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. 1889 டிசம்பர் 8-ஆம் நாள் லண்டனில் மறைந்தார். பெண்களிடையே மருத்துவக் கல்வியை ஊக்குவிப்பதற்காக 1891-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் அவர் பெயரால் தங்கப்பதக்கம் ஒன்று நிறுவப்பட்டது. அது பேராடு போன்றதொரு நினைவு.

அவர் தொடங்கிய உயிர்க் காலேஜின் கதை அவரோடு முடியவில்லை. ரயில் இரைச்சலுக்கும் சந்தை நெரிசலுக்கும் நடுவே கூண்டுகள் இடிபாடாகிவிட்ட நிலையில், 1979-இல் வண்டலூர்க் காப்புக்காட்டில் புதிய பூங்காவுக்கு வேலை தொடங்கிற்று. 1985-இல் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா திறக்கப்பட்டது. இன்று அதன் பரப்பு 602 ஹெக்டேர். பால்ஃபர் காலத்து விலங்குக் காட்சி வேடிக்கைக்காக இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை; குறுகிய கூண்டில் புலி சுற்றிச்சுற்றி வந்ததை அன்று எவரும் கொடுமையாக எண்ணவில்லை. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1992-இல் ஏற்பட்ட மத்திய உயிரியல் பூங்கா ஆணையமும் வந்தபிறகு நோக்கமே மாறிவிட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையின் சிங்கவால் குரங்கு போன்ற அரிய இனங்களை இனப்பெருக்கம் செய்து காப்பது வண்டலூரின் பணிகளுள் ஒன்று. இதற்கெல்லாம் நுழைவுச்சீட்டுப் பணம் மட்டும் போதாது. கொரோனாக் காலத்தில் பூங்கா மூடிக்கிடந்தபோது சீட்டுப் பணமும் நின்றது. விலங்குகளின் பசி நிற்கவில்லை. விலங்குத் தத்தெடுப்புத் திட்டம் என்ற ஒன்றை அங்கே வைத்திருக்கிறார்கள். விலங்கை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. அதன் தீனிச் செலவைக் குறிப்பிட்ட காலத்துக்கு நாம் ஏற்றுக்கொள்ளலாம். யானையும் புலியும் பெருஞ்செல்வர்களுக்கு. சிறு பறவைகளும் இருக்கின்றன.

இந்த ஆண்டு எங்கள் துறைச் சுற்றுலா வண்டலூருக்கு என்று முடிவாகியிருக்கிறது. போகும்போது வகுப்பின் சார்பில் ஒரு பறவைக்குச் சில மாதங்கள் தீனி ஏற்பது என்று பேசி ஒரு நோட்டும் போட்டிருக்கிறோம். இதுவரை பதினேழு பேர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அனைவரும் இரண்டாம் பக்கத்தில். முதல் பக்கம் எழுதப்படாமல் இருக்கிறது. விரிவுரையாளர் பெருமக்கள் கவனிக்க வேண்டுகிறேன்.